புள்ளியை நம்பாதே

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தக் கார் ஓடவில்லை. மாலை ஐந்து மணிக்குள் ஓடியாக வேண்டும். இந்த வாரம் நடந்தது இவ்வளவுதான்.

போன வாரம் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாக: அம்மாவுக்கு வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஓய்வு பெற்ற நாளிலிருந்து மகனின் தையல் கடையில் காஜா எடுக்கிறாள், பட்டன் தைக்கிறாள். "முப்பது வருஷம் மனுஷங்களுக்குத் தையல் போட்டேன். இப்போ கால்சட்டைக்குப் போடறேன். கால்சட்டை கத்தாது. அது ஒண்ணுதான் வசதி" என்பாள்.

இப்போது மலைப்பக்கத்தில் வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கும் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, சொந்த வண்டி வேண்டும். அந்த வண்டி சோதனையில் தேறிய சான்றிதழ் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அலுவலகத்துக்கு வர வேண்டும்.

சொந்த வண்டி இருக்கிறது. அம்மாவின் தம்பி கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போகும்போது அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன குட்டிக் கார். வீட்டில் அதற்குப் பெயர் 'சோப்பு டப்பா'. அதைச் செய்த கம்பெனி மூடிப் பதினாறு வருடமாகிறது. போன வாரம் நடுரோட்டில் வாட்டர் பம்ப் ஒழுகி அது நின்றுபோனது. மூன்று மெக்கானிக்குகள் பானட்டைத் திறக்காமலே கையை விரித்தார்கள். கடைசியில் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். அக்கா என்றால் அம்மாவின் மூத்த மகள், பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்து கொடுப்பவள். இதே எஞ்சினை வேறொரு கம்பெனியும் தன் காரில் வைத்திருந்தது என்று துருவித் துருவித் தெரிந்துகொண்டு, அந்தக் காருக்கான பம்பும் டைமிங் பெல்ட்டும் வாங்கி வந்தாள்.

அக்காவின் தம்பி, அந்தத் தையல் கடைக்காரன், செய்தது மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது. செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்தியபின் அவன் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தான். "அம்மாவுக்கு முட்டி சரியில்லைங்க. வர மாட்டாங்க" என்றான். "சரி, அடுத்த ஆளைப் பார்க்கறோம்" என்றார்கள். போனை வைத்துவிட்டு, தைக்க வேண்டிய சட்டைகளை எண்ணினான். பதினொன்று.

*

அம்மா குடியிருக்கும் கட்டடத்தின் பின்புறம் தகரக் கொட்டகை. அதில் கார் மூக்கைத் திறந்துகொண்டு நின்றது. தரையில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய பாகங்களை அம்மா கழற்றிய வரிசையிலேயே அடுக்கியிருந்தாள். போல்ட்டுகள் இடப்பக்கம், வாஷர்கள் வலப்பக்கம். ஆபரேஷன் அறையில் கத்தி அடுக்கிய கை அது.

புது பம்ப் நேற்று மாலையே உள்ளே போய்விட்டது. பெல்ட் மாட்டுவதுதான் பாக்கி.

இந்தப் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சினில் கீழே ஒரு தண்டு பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது. மேலே ஒரு தண்டு வால்வுகளைத் திறந்து மூடுகிறது. இரண்டையும் ஒரே தாளத்தில் சுற்ற வைப்பது பல் வைத்த இந்த ரப்பர் பட்டை. தாளம் தப்பினால் மேலே ஏறும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் இடிக்கும். வால்வு வளையும். இந்த எஞ்சினுக்கு வளைந்த வால்வை மாற்றப் புது வால்வு எந்தக் கடையிலும் கிடையாது; அந்த இன்னொரு கம்பெனியும் அதைச் செய்வதை நிறுத்திவிட்டது.

அதனால் மேல் சக்கரத்தில் ஓர் அடையாளம், கீழ்ச் சக்கரத்தில் ஓர் அடையாளம். இரண்டும் அதனதன் இடத்தில் நிற்கும்போதுதான் பெல்ட்டை மாட்ட வேண்டும்.

"மேல சரியா நிக்குது" என்றாள் அக்கா. "கீழ புள்ளியை எஞ்சின்ல இருக்கற வெட்டுக்கு நேரா வச்சுட்டா முடிஞ்சது."

"இரு. மாமா நோட்டைப் பார்த்துடலாம்" என்றாள் அம்மா.

காரின் டேஷ்போர்டுப் பெட்டியில், கப்பலுக்குப் போன மாமா எழுதி வைத்த நோட்டு ஒன்று உண்டு. முதல் பக்கத்திலேயே, 'கம்பெனி மூடிவிட்டது. வண்டிக்கு அது தெரியாது. சொல்ல வேண்டாம்' என்று இருக்கும். எண்ணெய் எப்போது மாற்றினான், எந்த ஸ்குரூ எந்தப் பக்கம் திருகினால் ஏமாற்றும், எல்லாம் அதில் உண்டு.

அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தாள். "'கீழ்ப் பல்சக்கரம் இந்த வண்டியோடது இல்லை. பின்னால் வந்த மாடலில் இருந்து எடுத்துப் போட்டது. அதில் குத்தியிருக்கும் புள்ளியை நம்பாதே. நான் போட்ட சிவப்புக் கோட்டை மட்டும் பார்.'"

அக்கா கீழ்ச் சக்கரத்தைக் கையில் எடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் இரும்புச் சக்கரம். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. குத்திய புள்ளி இருந்தது. கோடு இல்லை.

"நேத்து கழட்டும்போது பார்த்தோமே" என்றாள் அம்மா. "சிவப்பா இருந்துச்சே."

அக்கா கொட்டகை மூலையில் இருந்த பழுப்பு பாட்டிலைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள்.

பல்செட் மாவைக் குழைக்க அக்கா வேலையில் வைத்திருக்கும் திரவம் அது. எண்ணெய்ப் பிசுக்கு, பசை, பெயின்ட், எதுவானாலும் ஒரு துடைப்பு போதும். நேற்று இரவு வீட்டுக்குக் கிளம்பும் முன் எல்லாப் பாகத்தையும் அதில் முக்கித் துடைத்து வைத்தவள் அவள்தான். சுத்தம் என்றால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கிறுக்கு. வேறு எந்த வீட்டிலாவது அந்தச் சக்கரத்தை ஒரு பழைய துணியால் தடவிவிட்டு மாட்டியிருப்பார்கள்.

"நான்தான் அழிச்சேன்" என்றாள் அக்கா.

"சரி."

"என்னம்மா சரி?"

"அழிச்சது தெரிஞ்சு போச்சு. இனிமே என்ன பண்ணலாம்னு பாரு. மத்யானம் மூணே காலுக்கு வண்டி சோதனைக்கு நிக்கணும்."

"கழட்டும்போது தண்டு நேராத்தானே நின்னுது? அப்படியே மாட்டிட்டா?"

"அந்தப் பெரிய போல்ட்டைக் கழட்ட நீயும் நானும் தொங்கினோமே, அப்போ தண்டு கொஞ்சம் நகர்ந்துச்சு. நான் பார்த்தேன்."

"எவ்வளவு நகர்ந்துச்சு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் நோட்டைப் படிக்கறேன்?"

மாமாவுக்குப் போன் போட்டார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே. கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதோ. பிறகு, கைவிரித்த மூவரில் கொஞ்சம் மரியாதையாகக் கைவிரித்த மெக்கானிக்குக்குப் போட்டார்கள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, பல்லு கட்டற பொண்ணுக்கு எதுக்கு இந்த வேலை? ஒரு பல்லு தப்பினா வண்டி இருமும். மூணு பல்லு தப்பினா முடிஞ்சது. சாவி போட்ட உடனே உள்ள டக்குனு ஒரு சத்தம் வரும். அதுக்கப்புறம் நீங்க எனக்குப் போன் பண்ண வேண்டாம், எடைக்கு எடுக்கறவனுக்குப் பண்ணுங்க."

"பிஸ்டன் உச்சியில நிக்கற இடத்தைக் கண்டுபிடிச்சா போதும் இல்லையா?"

"போதும். அதுக்கு அளவுக் கருவி வேணும். என்கிட்ட இருக்கு. அந்த வண்டிக்கு நான் கொண்டுவர மாட்டேன். நாளைக்கு எஞ்சின் போச்சுன்னா ஊரெல்லாம் என் பேரைத்தானே சொல்லுவீங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அக்கா போனை வைத்தாள்.

*

ஒன்பது மணி. தம்பி கடைக்குப் போகும் வழியில் கொட்டகை வாசலில் நின்றான். கழுத்தில் அளவு நாடா. ஒரு கையில் வெட்ட வேண்டிய துணி மூட்டை.

"என்ன, சோப்பு டப்பா நுரைக்குதா?"

"போய் உன் வேலையைப் பாருடா" என்றாள் அக்கா.

அம்மா விஷயத்தைச் சொன்னாள். அக்கா அழித்தாள் என்று சொல்லவில்லை. "கோடு போயிடுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

தம்பியின் நெஞ்சில் ஏதோ தளர்ந்தது. சரி, கார் தானாகவே செத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை போன் இனி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கெட்டவன் ஆகாமலே நினைத்தது நடந்துவிடும். அவன் முகத்தில் அந்த நிம்மதி ஒரு நொடி நின்றுவிட்டுப் போனது. அதை அவனே உணர்ந்தான். அவனுக்கே பிடிக்கவில்லை.

"விட்டுடும்மா. உடம்பை ஏன் கெடுத்துக்கறே" என்றான்.

"என் உடம்பு நல்லாத்தான் இருக்கு."

அவன் போகவில்லை. வாசலிலேயே நின்றான்.

அக்கா கீழ்ச் சக்கரத்தைத் தண்டில் மாட்டிவிட்டு, முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். அந்த ஓட்டை வழியாக மெல்லிய மரக்குச்சி ஒன்றை இறக்கினாள். குச்சியின் நுனி உள்ளே பிஸ்டன் தலையில் உட்கார்ந்தது. பிஸ்டன் ஏறினால் குச்சி ஏறும். பிஸ்டன் உச்சியில் இருந்தால் குச்சியும் உச்சியில் இருக்கும். புத்திசாலித்தனமான யோசனைதான்.

"நீ சுத்தும்மா. மெதுவா. எங்கேயாவது தடுத்தா நிறுத்திடு. அழுத்தாதே."

அம்மா போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிச் சுற்றினாள். குச்சி ஏறியது. ஏறியது. நின்றது.

"இப்போ" என்றாள் அக்கா.

"இல்ல, இன்னும் ஏறுது."

"நின்னுடுச்சும்மா."

"நான் சுத்திட்டே இருக்கேன், அது நின்னுட்டே இருக்கு. எதை உச்சின்னு வைக்கறது?"

அதுதான் சிக்கல். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் உடனே இறங்காது. கொஞ்ச நேரம் மேலேயே சோம்பி நிற்கும். அதற்குள் தண்டு நிறையவே சுற்றிவிடும். அக்கா ஓரிடத்தில் கோடு போட்டாள். மறுபடி செய்தபோது கோடு வேறிடத்தில் விழுந்தது. மூன்றாவது முறை இன்னோர் இடத்தில். மூன்று கோடும் மூன்று ஊரில் இருந்தன.

"நாலாவது வாட்டி பண்ணு" என்றாள் அம்மா.

"நாலாவது வாட்டி நாலாவது ஊர்ல விழும்."

தம்பி துணி மூட்டையை வைத்தான். அவனால் அளவு தப்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அது அவனுடைய வியாதி. கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டான், தோள்பட்டைத் தையலைப் பார்ப்பான்.

"உச்சியை உச்சியில போய் அளக்கக் கூடாதுக்கா" என்றான்.

"பின்ன?"

"கால்சட்டைக் காலுக்கு நடு மடிப்பு எப்படி எடுக்கறேன்? நடுவைத் தேடறதே இல்ல. ரெண்டு ஓரத்தையும் சேர்த்து மடிக்கறேன். நடு தானா வந்து நிக்கும். இதுக்கும் அதேதான். குச்சி ஏறும்போது உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு இடத்தைக் குறி. அப்புறம் உச்சியைத் தாண்டிப் போயி, இறங்கும்போது அதே உயரம் வர்ற இடத்தைக் குறி. ரெண்டுக்கும் நடுவுலதான் உன் உச்சி."

அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"டேய், உனக்கு மூளை இருக்குன்னு ஏன்டா இத்தனை நாள் சொல்லல?"

"யார் கேட்டீங்க? பட்டன் அறுந்தா மட்டும்தான் என்னைத் தேடுவீங்க."

சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தான்.

*

சக்கரத்தில் விழுந்த மூன்று கோட்டையும் துடைத்தார்கள். தம்பி பேப்பர் வெட்டும் கத்தரியால் விரல்நகம் அகலத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டினான். சக்கரத்தின் ஓரத்தைச் சுற்றி அதை ஒட்டினான். முனையும் முனையும் முட்டும்படி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல்.

அக்கா தன் பெட்டியிலிருந்து கம்பி எடுத்தாள். பல்செட்டின் கொக்கிக்கு வளைக்கும் கம்பி. அதை வளைத்து, பம்பின் போல்ட் ஒன்றின் அடியில் கட்டி, நுனி காகிதத்தைத் தொடாமல் தொடும்படி நிறுத்தினாள். எஞ்சின் உடம்பில் கம்பெனிக்காரன் போட்ட வெட்டுக்கு நேராக. குச்சியைச் சுற்றி இளஞ்சிவப்பு மெழுகால் ஒரு வளையம் வைத்தாள். அந்த வளையம் பிளக் ஓட்டையின் விளிம்போடு சமமாகும் இடம்தான் அளவு.

அம்மா ஸ்பேனர். அக்கா மெழுகு. தம்பி பென்சில்.

"சுத்து."

"வருது, வருது... நிறுத்து!"

"தாண்டிட்டேன். கொஞ்சம் பின்னாடி—"

"பின்னாடி வராதேம்மா!" தம்பி கத்தினான். "எப்பவும் ஒரே பக்கமா வரணும். இது வெல்வெட் மாதிரி. எதிர்ப்பக்கம் தடவினா அளவு பொய் சொல்லும். நல்லாப் பின்னாடி போயி, திரும்ப முதல்ல இருந்து வா."

"என்னை ஆபரேஷன் தியேட்டர்ல பெரிய டாக்டர்கூட இப்படிக் கத்தினதில்ல."

"அவருக்கு வால்வு வளையாதுல்ல."

அம்மா சிரித்தாள். நர்ஸ் சிரித்தாலும் கை ஆடவில்லை.

முதல் குறி. உச்சி தாண்டியது. இரண்டாவது குறி. தம்பி காகிதத்தைக் கழற்றாமல், இன்னொரு துண்டில் இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை எடுத்து, இரண்டாக மடித்து, மடிப்பை மறுபடி பட்டையில் வைத்துக் கோடு போட்டான்.

"இன்னொரு வாட்டி" என்றான்.

இரண்டாவது முறை மடிப்பு வேறிடத்தில் விழுந்தது. ஒரு நூல் தள்ளி. அக்காவின் முகம் சுருங்கியது.

"முதல் தடவை குச்சி சாய்ஞ்சிருந்துச்சு" என்றாள் அம்மா. "நான் பார்த்துட்டுதான் இருந்தேன். பயந்து சொல்லல. இன்னொண்ணு எடுங்க."

மூன்றாவது முறை. மடிப்பு இரண்டாவது கோட்டின்மேல் அப்படியே உட்கார்ந்தது. நான்காவது முறையும். அந்தக் கோட்டைக் கம்பி நுனிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அக்கா குத்திய புள்ளியைத் தேடினாள். கோட்டிலிருந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. சரியாக மூன்று பல் தள்ளி இருந்தது.

 காலையில் நோட்டைத் திறக்காமல் இருந்திருந்தால், எட்டு மணிக்கே அந்த டக் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள்.

அக்கா சின்ன அரத்தை எடுத்து, அந்தக் கோடு இருந்த பல்லின் விளிம்பில் ஒரு வெட்டுப் போட்டாள். பிறகு மாமாவின் நோட்டில் எழுதினாள்: 'சிவப்புக் கோடு இப்போது இல்லை. நான்தான் அழித்தேன். அரத்தால் வெட்டியிருக்கிறேன். இது எந்தத் திரவத்துக்கும் போகாது.'

மணி பன்னிரண்டரை. யாருக்கும் பசிக்கவில்லை. தம்பியின் கடை பூட்டியே இருந்தது. போன் இரண்டு முறை அடித்தது. அவன் எடுக்கவில்லை.

*

பெல்ட்டை மாட்டி இறுக்கினார்கள். சாவி போடும் முன் கையாலேயே இரண்டு முழுச்சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும் என்று நோட்டு சொன்னது. 'எங்காவது மோதினால் நிறுத்து. கோபத்தில் அழுத்தாதே. கோபம் உன்னுடையது, வால்வு என்னுடையது.'

அம்மா சுற்றினாள். அரைச் சுற்று. முக்கால் சுற்று. கர்ரென்று ஒரு சத்தம். ஸ்பேனர் கனத்தது.

அம்மா அப்படியே நின்றாள்.

"மோதுது" என்றாள்.

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். தம்பி கண்ணை மூடினான். மூன்று நாள் முன்னால் இது அவன் வேண்டிக்கொண்ட சத்தம். இப்போது அதைக் கேட்டதும், 'என் மடிப்புத் தப்பாது' என்றுதான் முதலில் நினைத்தான். அம்மாவைப் பற்றி அதற்கப்புறம்தான்.

"என் அளவு தப்பில்ல" என்றான். "நாலு வாட்டி எடுத்தோம். வேற ஏதோ."

"வேற என்னடா?"

"எனக்கென்ன தெரியும்? விளக்கைக் கொண்டா."

அம்மா விளக்கைக் காட்டினாள். அக்கா பல் பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடியை எஞ்சினின் இடுக்கில் நுழைத்தாள். மேலே பார்த்தாள். பக்கத்தில் பார்த்தாள். கீழே பார்த்தாள்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை.

"என்னடீ?"

"கம்பி. நான் கட்டின கம்பி. அவிழ்க்க மறந்துட்டேன். பெல்ட் அதுல போயி உரசுது."

"அடிப்பாவி" என்றாள் அம்மா. "முப்பது வருஷத்துல வயித்துக்குள்ள ஒரு பஞ்சைக்கூட நான் விட்டதில்ல."

கம்பியை எடுத்தார்கள். பெல்ட்டின் முதுகில் லேசான கீறல். பல் பக்கம் ஒன்றுமில்லை. இரண்டு சுற்று. நான்கு சுற்று. மோதவில்லை. அரம் போட்ட வெட்டு ஒவ்வொரு முறையும் தன் இடத்துக்கு வந்து நின்றது.

பிளக்குகளை மாட்டி, தண்ணீர் நிரப்பி, இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சாவியில் கை வைத்தாள். திருப்பினாள்.

எஞ்சின் ஒருமுறை முனகியது. இரண்டாவது முறை பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை. சத்தம் சீராக இருந்தது. மூவரும் இருபது நிமிடம் பம்புக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

"போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் சுடுகாட்டுல வேலை பார்க்கறவங்க மாதிரி இருக்கீங்க."

*

சோதனை நிலையத்தில் வரிசை நீளம். சோதனைக்காரர் பானட்டைத் திறந்து, எஞ்சினைப் பார்த்து, மறுபடி முன்னால் வந்து பெயர்ப்பட்டையைப் பார்த்தார்.

"இந்தக் கம்பெனி இன்னும் இருக்காம்மா?"

"இல்ல."

"பின்ன யார் பார்த்துக்கறது?"

"நாங்கதான்."

அவர் வண்டியை உருளைமேல் ஏற்றிப் பிரேக்கைப் பார்த்தார். புகைக்குழாயில் கருவியை நுழைத்துப் பார்த்தார். கருவி காட்டிய எண்ணைக் கண்டு புருவத்தை உயர்த்தினார். நல்ல மாதிரியான உயர்த்தல். பின்பக்கம் போனார். நின்றார்.

"நம்பர் பிளேட் விளக்கு எரியல. பத்து நிமிஷம் தர்றேன். அதுக்குள்ள எரிஞ்சா தேறும். இல்லன்னா திங்கக்கிழமை வாங்க."

திங்கட்கிழமை என்பது இல்லாத நாள். பக்கத்தில் கடையும் கிடையாது. அக்கா நோட்டைப் புரட்டினாள். 'பல்பு' என்ற தலைப்பில் ஒரே வரி: 'டிக்கிக்குள் இருப்பதும் நம்பர் பிளேட்டில் இருப்பதும் ஒரே பல்பு.' தம்பி டிக்கிக்குள் தலையை விட்டான். நான்கு நிமிடத்தில் பின்பக்கம் வெளிச்சம் வந்தது. டிக்கி இருட்டானது. அதை யாரும் சோதிக்கவில்லை.

மூன்று ஐம்பதுக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது. முத்திரையின் மை காயவில்லை. அம்மா அதை ஊதி ஊதிக் காயவைத்தாள். டேஷ்போர்டின்மேல் வைத்துவிட்டுக் காரை வெளியே எடுத்தாள்.

பக்கத்து சீட்டில் அக்கா. பின்சீட்டில் தம்பி, முழங்கால் மார்பைத் தொட.

"ஆபீஸுக்கு இப்படியே போய்க் கொடுத்துடலாம்" என்றாள் அம்மா. "திங்கக்கிழமை காலையில கிளம்பினா சாயந்திரம் மலை ஏறிடுவேன். பதினொரு சட்டைக்கும் ராத்திரியே காஜா எடுத்து வச்சுட்டேன், உன் மேஜைக்கு அடியில இருக்கு. பார்த்தியா?"

தம்பி பார்க்கவில்லை. காலையில் கடையையே திறக்கவில்லை.

"அம்மா. வண்டியை ஓரமா நிறுத்து."

"என்னடா, வாந்தி வருதா?"

"நிறுத்தும்மா."

அம்மா விளக்கைப் போட்டு, கண்ணாடியில் பார்த்து, முறையாக ஓரம் கட்டினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

"சொல்லு."

"செவ்வாய்க்கிழமை நான் அந்த ஆபீஸுக்குப் போன் பண்ணேன். நீ வரலன்னு சொல்லிட்டேன்."

அக்கா திரும்பவே இல்லை. கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தண்ணீர்ச் சூட்டு முள்ளைப் பார்த்தாள். அது நடுவில் அசையாமல் நின்றது.

"என்ன காரணம் சொன்னே?"

"முட்டி சரியில்லன்னு."

"எந்த முட்டி?"

"...ரெண்டும்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அடுத்த ஆளைப் பார்க்கறோம்னாங்க."

"ஏன் பண்ணே?"

அவன் நிறைய பதில்கள் தயாராக வைத்திருந்தான். மலை ரோடு, வயது, தனிமை. எல்லாம் நல்ல பதில்கள்தான். காலையிலிருந்து கையில் ஒட்டியிருந்த கறுப்பு மசியைப் பார்த்தபோது அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

"காஜா எடுக்க ஆள் இல்லம்மா" என்றான்.

அம்மா தலையாட்டினாள். கேட்டது புரிந்தது என்பதற்கான தலையாட்டல். மன்னிப்பு அதில் இல்லை.

தம்பிக்கு இறங்கி ஓட வேண்டும்போல இருந்தது. பின்சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. அக்கா இறங்கி சீட்டை மடக்கினால்தான் அவன் வெளியே வர முடியும்.

அக்கா இறங்கவில்லை.

"மணி என்ன?" என்றாள் அம்மா.

"நாலு அஞ்சு" என்றாள் அக்கா.

"ஆபீஸ் அஞ்சு வரைக்கும் திறந்திருக்கும். நீ போன்ல சொன்னதை என் பக்கத்துல நின்னு மாத்திச் சொல்லு. முட்டியை நான் காட்டிக்கறேன், மாடிப்படி ஏறி."

"கொடுத்திருந்தாங்கன்னா? வேற ஆளுக்குக் கொடுத்திருந்தாங்கன்னா, அம்மா?"

"அதை அவங்க என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

கண்ணாடியில் பார்த்தாள். விளக்கைப் போட்டாள். கிளட்சை விட்டாள். சோப்பு டப்பா ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்து, வண்டிகளின் நடுவே புகுந்தது.

அதே நேரம் அந்த அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், மலை ரோட்டுக்குப் புது ஜீப் வாங்கியிருந்த ஒரு பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள்முன் ஒரு விண்ணப்பத்தை வைத்தார்கள். அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.